டிக்கிக்குள் ஒரு பெட்டி

காங்கேயம், தாராபுரம் பக்கம் தனியார் டவுன் பஸ்ஸில் ஏறியவர்களுக்குத் தெரியும். பஸ் வருவதற்கு முன்னால் பாட்டு வந்துவிடும். பாட்டு என்றால் முழுப்பாட்டு அல்ல, அதன் அடிவயிறு மட்டும். டும், டும் என்று. கடைசி சீட்டில் உட்கார்ந்தால் நெஞ்செலும்பில் யாரோ விரலால் தட்டுவது போல இருக்கும். அந்த டும்முக்குக் காரணமான பெட்டியை ஒரு பையன் தன் அப்பாவின் காருக்காகச் சொந்தமாகச் செய்தான். அந்தக் கதைதான் இது. கதைக்கு நடுவே கொஞ்சம் கணக்கும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

வருடம் 2018. பையன் பி.காம் இரண்டாம் வருஷம். கார், பழைய மாருதி எஸ்டீம். அப்பா துணி வியாபாரி என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். திங்கள் ராத்திரி ஈரோடு ஜவுளிச் சந்தைக்குப் போய் லுங்கி, துண்டு, பெட்ஷீட் வாங்கி, செவ்வாய் விடியற்காலை திரும்பி, வாரம் முழுக்க ஊர் ஊராகச் சின்னக் கடைகளுக்குப் போடுகிறவர். அதற்கு முன்னால் 15 வருஷம் விசைத்தறிப் பட்டறையில் தறி ஓட்டியவர். எஸ்டீமின் டிக்கியில் நாலு பண்டல் பிடிக்கும். மிச்சம் பின் சீட்டில். அந்த டிக்கிதான் அந்த வீட்டின் குடோன், கடை, கல்லாப்பெட்டி எல்லாம்.

பையனுக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் கோயம்புத்தூரில் ஒரு கார் ஆக்சஸரீஸ் கடையில், யாரோ கழற்றிப் போட்ட 12 அங்குல ஊஃபர் 2,500 ரூபாய்க்குக் கிடைத்தது. அத்தோடு 3,200-க்கு ஒரு பழைய ஆம்ப்ளிஃபையர். ஊஃபரைக் கையில் தூக்கிப் பார்த்த எவனும் அதைத் திரும்பக் கீழே வைத்ததாகச் சரித்திரம் இல்லை.

வீட்டுக்கு வந்து, ஊஃபரை அப்படியே தரையில் வைத்து ஒயரை மாட்டிப் பாட்டுப் போட்டான். சத்தமே இல்லை. அதாவது கோன் அங்குலக் கணக்கில் குதிக்கிறது, ஆனால் அந்த டும் வரவில்லை. நிறையப் பேர் இந்த இடத்தில் ஊஃபர் போச்சு என்று முடிவு கட்டி விடுவார்கள். போகவில்லை. கோன் முன்னால் தள்ளும்போது முன்பக்கக் காற்று அமுங்குகிறது, அதே நொடியில் பின்பக்கக் காற்று இளகுகிறது. முன்னால் இருக்கும் காற்று சும்மா ஓரமாகச் சுற்றிக்கொண்டு பின்னால் போய் அந்தப் பள்ளத்தை நிரப்பி விடுகிறது. கூட்டிக் கழித்தால் பூஜ்யம். மேல் ஸ்தாயி ஒலிகளுக்கு இந்தப் பிரச்சினை அதிகம் இல்லை, அவற்றின் அலை குட்டையானது. 40 ஹெர்ட்ஸ் அலை ஒன்றின் நீளம் எட்டரை மீட்டருக்கு மேல். ஓர் அடி அகல ஊஃபரைச் சுற்றிவர அதற்கு ஒரு சிரமமும் கிடையாது. ஆக, பெட்டி என்பது ஊஃபரைத் தாங்கும் ஸ்டாண்ட் அல்ல. முன் காற்றையும் பின் காற்றையும் சந்திக்க விடாமல் தடுக்கும் சுவர்.

சுவர் போதும் என்றால் எந்தப் பெட்டியும் போதுமே, பழைய பிஸ்கட் டின் போதுமே என்று தோன்றும். பெட்டிக்குள் அடைபட்ட காற்று ஒரு ஸ்பிரிங். பெட்டி சின்னதானால் ஸ்பிரிங் விறைப்பாகும், கோன் ஆழமாக ஆட முடியாது, கீழ் ஸ்தாயி போய்விடும். இந்த ஸ்பிரிங்கையே ஆதாயமாக மாற்றிக் காட்டியவர் எட்கர் வில்ச்சர் என்கிற அமெரிக்கர். 1954-ல், இறுக்கமாக மூடிய சின்னப் பெட்டிக்குள் தளர்வான கோனை வைத்து, காற்றையே அதன் ஸ்பிரிங்காக்கினார். அதற்கு முன்பே, பெட்டியில் ஓட்டை போட்டு பின்பக்கக் காற்றையும் வேலை வாங்கும் முறைக்கு பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் தூராஸ் 1932-ல் காப்புரிமை வாங்கியிருந்தார். பஸ்ஸில் பார்க்கும் குழாய் வைத்த பெட்டியெல்லாம் இந்த ஓட்டை வம்சம்.

ஆனால் எந்த ஊஃபருக்கு எவ்வளவு பெட்டி என்று கணக்கு எழுதிக் கொடுத்தது ஆஸ்திரேலியாவில். நெவில் தீல் 1961-ல் ஆரம்பித்து வைத்தார், சிட்னி பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த ரிச்சர்ட் ஸ்மால் 1970-களின் தொடக்கத்தில் விரித்து எழுதினார். இன்றைக்கு ஊஃபர் அட்டைப்பெட்டி மேல் புரியாத எழுத்துக்களில் நாலைந்து எண்கள் இருக்குமே, அவையெல்லாம் இவர்கள் இருவர் பேரால் வழங்கும் எண்கள். ஒரு வகையில் அது ஊஃபரின் ஜாதகம். பெட்டியின் ஜாதகத்தோடு பொருத்தம் பார்க்காமல் கல்யாணம் செய்தால் வீட்டில் சத்தம் வரும், ஆனால் நல்ல சத்தமாக இருக்காது.

பையனின் ஊஃபர் ஜாதகம் இது. தானாக அதிரும் எண் 28 ஹெர்ட்ஸ். க்யூடிஎஸ் என்கிற எண் 0.5. விஏஎஸ், அதாவது கோனின் சொந்த ஸ்பிரிங்குக்குச் சமமான விறைப்புள்ள காற்றின் அளவு, 60 லிட்டர். மூடிய பெட்டியில் ஊஃபரின் க்யூ எண் 0.707-க்கு வந்தால் சத்தம் சமதளமாக இறங்கும் என்பது பாடம். 0.707-ஐ 0.5-ஆல் வகுத்து, வர்க்கம் எடுத்து, ஒன்றைக் கழித்தால் ஒன்று. 60-ஐ அந்த ஒன்றால் வகுத்தால் 60. ஆக, பெட்டி 60 லிட்டர். அதில் ஊஃபரின் பின்பக்கமும் குறுக்குச் சட்டமும் அடைக்கிற இடம் 3 லிட்டர் சேர்த்து 63. உள்ளளவு 35 க்கு 60 க்கு 30 சென்டிமீட்டர். பி.காம் படிக்கிறவனுக்கு இதைவிடச் சுலபமான கணக்கு எந்தப் பேப்பரிலும் வந்ததில்லை.

ஓட்டைப் பெட்டி ஏன் வேண்டாம் என்று விட்டான்? இன்னும் பெரிய பெட்டி வேண்டும், குழாயின் நீளம் ஒழுங்காக இருக்க வேண்டும், தப்பினால் எல்லாப் பாட்டும் ஒரே சுருதியில் டும் என்று இரையும். சில வண்டிகளில் கேட்கிறோமே, பாட்டு மாறினாலும் டும் மாறாது. அது குழாய்க் கோளாறு.

இனி தச்சு வேலை. ஊரில் ஓர் ஆசாரி, கதவு ஜன்னலுக்குப் பேர் போனவர். தேக்கில் செய்யலாம் தம்பி, பேரன் காலம் வரை இருக்கும் என்றார். பையன் 18 எம்எம் எம்.டி.எஃப் பலகை வேண்டும் என்றதும் முகம் சுருங்கிவிட்டது. "அது மரமே இல்லீங்க தம்பி, மரத்தூளு." உண்மைதான். ஆனால் ஸ்பீக்கருக்கு அந்தத் தூள்தான் வசதி. நார் ஓட்டம் கிடையாது, வெயிலுக்கும் மழைக்கும் தேக்குப் பலகை போல விரிசல் விடாது, கனமானது, தட்டினால் மந்தமாகச் சத்தம் வரும். பெட்டியே பாட ஆரம்பித்துவிடக் கூடாது, அதுதான் வேண்டியது. கெட்ட குணங்களும் உண்டு. தண்ணீர் பட்டால் ரொட்டி போல உப்பும். அறுக்கும்போது வருகிற தூசியில் பசையும் சேர்ந்திருக்கும், மூக்கில் துணி கட்டாமல் பக்கத்தில் நிற்கக் கூடாது. பலகை விளிம்பில் நேராக ஸ்க்ரூவை ஏற்றினால் பிளந்துகொள்ளும், முதலில் சன்னமாகத் துளை போட்டுக்கொள்ள வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தை ஆசாரி ஒரு மூலையைப் பிளந்த பிறகுதான் ஒத்துக்கொண்டார்.

வட்டம் வெட்டியது தனி அழகு. ஒரு ஆணி, ஒரு நூல், ஒரு பென்சில். 28 சென்டிமீட்டர் வட்டம் போட்டு, ஜிக்ஸாவைக் கோட்டுக்கு உள்ளேயே ஓட்டி, பிறகு உப்புத்தாள் தேய்த்துச் சரி செய்தார். ஃபெவிகால் தாராளமாக, நாலு அங்குலத்துக்கு ஒரு ஸ்க்ரூ, உள்மூலைகளில் எல்லாம் சிலிக்கான். சிலிக்கான் காயும்போது புளித்த காடி வாசம் வருமே, அது முழுக்கப் போகும் வரை ஊஃபரை மாட்டக் கூடாது. ஒரு நாள் விட்டார்கள். மாட்டிய பிறகு கோனை இரண்டு கையாலும் மெதுவாக அமுக்கி விட்டுப் பார்த்தான். சட்டென்று எழும்பினால் எங்கோ காற்று போகிறது என்று அர்த்தம். எழும்பியது. ஆசாரியம்மா சாமி படத்துக்கு ஏற்றி வைத்த ஊதுபத்தியைக் கொண்டுவந்து, பாட்டை ஓடவிட்டு, ஒவ்வொரு மூட்டாகக் காட்டினார்கள். ஒயர் மாட்டும் முனையம் இருக்கும் இடத்தில் புகை நடுங்கியது. அங்கே ஒரு சுற்று சிலிக்கான்.

எல்லாம் முடிந்து டிக்கியில் ஏற்றினார்கள். வெளியளவு 38.6 க்கு 63.6 க்கு 33.6. சரியாக ஒரு பண்டல் இடம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பா டிக்கியைத் திறந்தார்.

"இதென்ன சாமி, நெல்லுப் பொட்டியா?"

"இல்லீங்ப்பா, ஸ்பீக்கர் பொட்டிங்க."

அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் பையன் எதிர்த்துப் பேசியிருப்பான். அவர் டிக்கியின் விளிம்பில் கையை வைத்துக்கொண்டு, "நாளைக்கு ராத்திரி மூணு பண்டல்தான் ஏறும் போலருக்குது" என்றார். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார்.

ஒரு பண்டலில் அவருக்கு எல்லாச் செலவும் போக 300 ரூபாய் நிற்கும். வாரத்துக்கு 300, மாதத்துக்கு 1,200. பையன் அன்றைக்கு ராத்திரி ஒரு தாளில் எழுதினான். ஊஃபர் 2,500. ஆம்ப்ளிஃபையர் 3,200. பலகை 900. ஒயர், ஃபியூஸ் 1,350. பசை, ஸ்க்ரூ, சில்லறை 450. மொத்தம் 8,400. ஆசாரி கூலி வாங்க மறுத்துவிட்டதால் அது இல்லை. அதற்குக் கீழே அப்பாவின் 1,200-ஐ எழுதினான். ஏழே மாதத்தில், பெட்டிக்கு ஆன செலவு மொத்தத்தையும் அந்தக் காலி பண்டல் விழுங்கிவிடும். பிறகும் விழுங்கிக்கொண்டே இருக்கும். காஸ்ட் அக்கவுண்டிங்கில், எந்தப் பொருளுக்குப் பற்றாக்குறையோ அதன் ஓர் அலகுக்கு எவ்வளவு லாபம் என்று பார்க்கச் சொல்லிக் கொடுப்பார்கள். மெஷின் மணி, ஆள் மணி என்றுதான் பரீட்சையில் வரும். டிக்கி லிட்டர் என்று எந்தக் கேள்வித்தாளிலும் வந்ததில்லை.

ஸ்பீக்கர் உலகத்திலும் இதே மாதிரி ஒரு பற்றாக்குறை விதி இருக்கிறது. ஹாஃப்மன் இரும்பு விதி என்பார்கள். கேஎல்எச் என்ற அமெரிக்க ஸ்பீக்கர் கம்பெனியின் மூன்று எழுத்தில் கடைசி எழுத்துக்குச் சொந்தக்காரர், பியானோ மேதை ஜோசஃப் ஹாஃப்மனின் மகன். சின்னப் பெட்டி, ஆழமான கீழ் ஸ்தாயி, குறைந்த மின்சாரத்தில் நிறையச் சத்தம் - இந்த மூன்றில் எந்த இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம், மூன்றும் கிடைக்காது. கடையில் சின்ன டப்பாவைக் காட்டி மூன்றும் உண்டு என்று சொல்கிறவர்களிடம் இந்த விதியைச் சொல்லிப் பாருங்கள், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

பையன் பெட்டியைப் பாதியாக்கிப் பார்த்தான், தாளில்தான். 30 லிட்டர். க்யூ 0.87-க்கு ஏறுகிறது. அதிரும் எண் 40-ல் இருந்து 48 ஹெர்ட்ஸுக்கு ஏறுகிறது. ஆழம் போகிறது, கொஞ்சம் புடைப்பு வருகிறது. ஆனால் புடைப்பு எவ்வளவு என்று போட்டால் அரை டெசிபல். அதைக் காதால் கண்டுபிடிக்கப் பெரிய வித்வானாக இருக்க வேண்டும், அதுவும் எஸ்டீம் ஓடிக்கொண்டிருக்கும்போது.

இன்னொன்று, வீட்டு ஸ்பீக்கருக்கு இல்லாத ஒரு சலுகை காருக்கு உண்டு. கண்ணாடி ஏற்றிய கார் ஒரு சின்ன அறை. ஒலி அலையின் பாதி நீளம் அந்த அறையின் நீளத்தைத் தாண்டிய பிறகு, அலையாக ஓட அதற்கு இடமில்லை. உள்ளே இருக்கும் காற்று மொத்தமும் சேர்ந்து அமுங்கி விரிகிறது. சின்னக் காரில் ஏறத்தாழ 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே இது ஆரம்பிக்கும். கீழே போகப் போக அழுத்தம் கூடிக்கொண்டே வரும். மூடிய பெட்டியோ கீழே போகப் போகச் சத்தம் குறைகிற சாதி. ஒன்று ஏறுகிறது, ஒன்று இறங்குகிறது. கதவும் தகரமும் கொஞ்சம் விழுங்கினாலும், 30 லிட்டர் பெட்டி தாளில் காட்டிய நஷ்டத்தில் பெரும்பகுதியைக் கார் ஈடுகட்டிவிடும்.

திங்கள் காலையில் பெட்டி திரும்ப ஆசாரி வீட்டுக்குப் போனது. "பிரிக்க முடியாதுங்க தம்பி, பசை புடிச்சுருச்சு. அறுத்தாத்தான் உண்டு" என்றார். ரொட்டியை அறுப்பது போல இரண்டு பக்கமும் ஒரே சீராக அறுத்து, பின்பக்கத்தையும் அறுத்து, மறுபடி மூடினார். புதுப் பலகை ஒன்றும் வாங்கவில்லை. உள்ளே, தலையணைக் கடையில் வாங்கிய பாலியஸ்டர் பஞ்சைத் தளர்வாகப் போட்டான். பஞ்சு உள்ளே காற்றின் சூட்டை வாங்கி வாங்கிக் கொடுப்பதால் காற்று ஸ்பிரிங் கொஞ்சம் இளகும். பெட்டி நிஜத்தைவிடச் சற்றுப் பெரிதாக இருப்பது போல ஊஃபர் ஏமாறும். இலவம் பஞ்சு வேண்டாம், அதன் பொடி காயிலுக்குள் போனால் கரகரக்கும்.

இப்போது வெளியளவு 38.6 க்கு 43.6 க்கு 27.2. பின் சீட்டு முதுகோடு ஒட்டி ஓரமாக நின்றது. மிச்ச இடத்தில் பண்டலாகக் கட்டாமல் துண்டுகளைச் சிப்பம் சிப்பமாகச் செருகலாம். 15 கிலோ கனம் என்பதால் சும்மா வைக்காமல், எல் பட்டையும் போல்ட்டும் போட்டு இறுக்கினார்கள். சடன் பிரேக் போட்டால் 15 கிலோ பெட்டி எங்கே போகும் என்று யோசிக்காதவர்கள் நிறையப் பேர் ரோட்டில் இருக்கிறார்கள்.

ஒயர் விஷயத்தைச் சும்மா தாண்டிப் போகக் கூடாது. 300 வாட் ஆம்ப்ளிஃபையர், வாங்கும் மின்சாரத்தில் 60 சதவீதத்தைத்தான் பாட்டாக்கும் என்றால், 13.8 வோல்ட்டில் 36 ஆம்பியர் இழுக்கும். வீட்டு ஃபேன் ஒயரில் இது ஓடாது, ஒயர்தான் எரியும். கட்டைவிரல் பாதி தடிமனில் 8 கேஜ் செம்பு ஒயர், பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் 40 ஆம்பியர் ஃபியூஸ். ஃபியூஸ் ஆம்ப்ளிஃபையரைக் காப்பாற்ற அல்ல. என்ஜினுக்கும் உள்ளறைக்கும் நடுவே இருக்கும் தகரத்தில் ஒயர் உராய்ந்து பிளாஸ்டிக் தேய்ந்தால், பேட்டரி மொத்தத்தையும் அந்த ஒயர் தகரத்தில் கொட்டும். தகரத் துளையில் ரப்பர் வளையம் மாட்ட மறக்கவே கூடாது. ஒரு டிக்கி நிறையத் துணி வைத்துக்கொண்டு போகிற காரில் இதில் விளையாட முடியாது.

அப்பா பெட்டியைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. சந்தைக்குக் கிளம்பும் முன் வீட்டுக்குள் போய், ஓரம் பிரிந்து விற்காமல் கிடந்த ஒரு பவானி ஜமுக்காளத்தைக் கொண்டுவந்து போட்டார். "பலகை அம்மணமா நிக்குது. வெள்ளைத் துணில தூசி ஒட்டும்." சிவப்பும் பச்சையும் நீலமும் கோடு போட்ட ஜமுக்காளத்தை, கோன் இருக்கும் வட்டத்தை மட்டும் விட்டுவிட்டு, பெட்டி முழுக்க ஆசாரி ஒட்டிக் கொடுத்தார். ஜமுக்காள உறை போட்ட சப்ஊஃபரை எந்த கார் ஷோவிலும் பார்க்க முடியாது.

அன்று ராத்திரி பையனும் கூடவே சந்தைக்குப் போனான். அறச்சலூர் தாண்டியதும் அப்பாவே டேப்பைப் போட்டார், நாதஸ்வரக் கச்சேரி. வழக்கமாக அவர் சத்தத்தைக் கடைசி வரை ஏற்றுவார், பக்கத்தில் உட்கார முடியாது. தறிச் சத்தத்தில் பல வருஷம் நின்றவர்களுக்கு முதலில் போவது 4,000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரம். பேச்சில் ச, த, ஃப எல்லாம் மங்கும். கீழ் ஸ்தாயி பெரும்பாலும் தங்கிவிடும். ஆனால் ஓடும் காரில், டயரும் ரோடும் போடுகிற இரைச்சல் அந்தக் கீழ் ஸ்தாயியைத்தான் மூடுகிறது. மேலே காது போயிற்று, கீழே ரோடு வாங்கிக்கொண்டது. அவருக்கு மிஞ்சியது நடுவில் ஒரு கீற்று. அதனால்தான் வால்யூமைத் திருகிக்கொண்டே இருந்திருக்கிறார். வீட்டில் இத்தனை வருஷம் எல்லோரும் அவரை 'டமாரம்' என்று கேலி செய்துகொண்டிருந்தார்கள்.

கொஞ்ச தூரம் போன பிறகு அவர் வால்யூமைக் குறைத்தார்.

"ஏனுங்ப்பா, ஆஃப் பண்ணிரட்டுங்களா?"

"வேண்டாஞ்சாமி, இருக்கட்டும். தவிலு தொப்பிப் பக்கம் கேக்குது. இந்த வண்டில இப்பத்தான் கேக்குறேன்."

தவிலின் இடந்தலையைத்தான் தொப்பி என்பது. குச்சியால் அடிக்கிற பக்கம், கனமான சத்தம் அதில்தான்.

சந்தையில் மூன்று பண்டலும், சிப்பமாக முக்கால் பண்டல் துண்டும் ஏறின. கால் பண்டல் நஷ்டம், மாதம் 300 ரூபாய். பையன் அதைத் தன் பாக்கெட் மணியில் கழித்துக்கொள்ளச் சொன்னான். அப்பா சிரித்தார், ஆனால் கழித்துக்கொண்டார். வியாபாரி ஆயிற்றே.

டிக்கி மூடியும் நம்பர் பிளேட்டும் முதல் வாரம் கடகடத்தன. நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் நுரை டேப், மூடிக்கு உட்புறம் ஒட்டும் தார் ஷீட் போட்டதும் அடங்கின. ஊருக்குள் நுழையும்போது அப்பா சத்தத்தை முழுக்க இறக்கிவிடுவார். குடியிருப்புப் பகுதியில் இரவு 45 டெசிபல்தான் என்று 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிகள் சொல்வது அவருக்குத் தெரியாது. விடியற்காலை நாலு மணிக்குத் தூங்குகிற வீட்டைத் தாண்டிப் போகிறோம் என்பது தெரியும்.

ஒரு மாதம் கழித்து ஆசாரி, ஓர் ஆம்னி வேன்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றுகிற வண்டி. அவரிடம் ஒரு 10 அங்குல ஊஃபர் இருந்தது, பஸ் மாதிரி அதிர வேண்டும் என்றார். பையன் ஊஃபரின் பின்பக்கத்தில் ஒட்டியிருந்த எண்களைத் தாளில் எழுதிக்கொண்டான். பிறகு வேனின் பின்கதவைத் திறக்கச் சொல்லி, டேப்பை விரித்தபடி கேட்டான். "பிள்ளைங்க புஸ்தகப் பை எல்லாம் எங்கீங்ணா வெப்பாங்க?"